ரெண்டு நிமிஷத்துப் பெஞ்சு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பெரியாஸ்பத்திரி, அந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ பெஞ்சுகள், எல்லாம் இரும்பு, ஒன்றே ஒன்று மட்டும் தேக்கு. அந்தத் தேக்குப் பெஞ்சு எட்டடி நீளத்துக்கு அவசரப் பிரிவின் வாசலில் கிடந்தது, மேலிடத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முந்தின நாள் அதில் உட்கார்ந்திருந்தவர்களைச் சித்த நேரம் எழுந்து நிற்கச் சொல்லி, பழைய பெயிண்டைச் சுரண்டாமல், உப்புத்தாள் போடாமல், அப்படியே அதன்மேல் புதுப் பெயிண்டை அடித்துவிடுவது அங்கே வழக்கம், இப்படி வார்னிஷ் மேல் சாம்பல், சாம்பல் மேல் நீலம், நீலத்தின் மேல் பச்சை என்று அடித்து அடித்து அதன் தோல் தடித்து, கடைசியில் ஒரு கால் ஆட ஆரம்பித்ததும், கழித்துக்கட்டின சாமான்களோடு சேர்த்து அதையும் ஏலம் விட்டார்கள்.

ஏலத்தில் எடுத்தவர் அர்த்தநாரி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எடுத்தது தனக்காக இல்லை, மகள் வான்மதிக்காக.

வான்மதிக்குப் பதற்றம் வந்தால் மரம் வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு முதல் தடவை மேற்படிப்புத் தேர்வு எழுதி இடம் கிடைக்காதபோது, யூடியூபைப் பார்த்துப் பார்த்து அடுப்படியில் கிடந்த முக்காலியைத் தேய்த்து மெருகேற்றினாள். இரண்டாம் தடவைக்கு ஒரு அலமாரி. ரிசல்ட் வருகிற வாரத்தில் அப்பாவின் கட்டிலை, அவர் அதில் படுத்திருக்கும்போதே, கால்பக்கத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். அவள் உப்புத்தாளைக் கையில் எடுத்தால் ஏதோ வரப்போகிறது என்று தண்ணித்தொட்டி வீதிக்கே தெரியும். இந்தத் தடவை இடம் கிடைத்துவிட்டது. எம்.டி., பொது மருத்துவம், பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய நகரம், சேர வேண்டிய நாளுக்குப் பதிமூன்று நாள் இருந்தது. கிடைக்காதபோது இருந்த பயத்துக்கு ஒரு முக்காலி போதுமாயிருந்தது. கிடைத்தபின் வந்த பயத்துக்கு எட்டடிப் பெஞ்சு தேவைப்பட்டது.

வீட்டு வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே பெஞ்சைப் போட்டு, தூசி ஏறாமலிருக்க மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் கட்டிக்கொண்டு, சுரண்டியை எடுத்தாள். உதடு, இதயம் நின்றுபோனவர்களுக்குக் கொடுக்கிற மருந்தின் அளவைத் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது: அட்ரினலின் ஒரு மில்லிகிராம், மூணுல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா, அட்ரினலின் ஒரு மில்லிகிராம், மூணுல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா. போன் அடிக்கடி அதிர்ந்தது. அங்கே ஏற்கெனவே சேர்ந்திருந்த சீனியர் ஒருவர், புதிதாக வருகிறவர்களின் வாட்ஸப் குழுவில், 'தூக்கத்தை எல்லாம் வீட்டிலேயே தூங்கி முடிச்சுட்டு வந்துருங்க' என்று எழுதியிருந்தார். அதற்கு இருபது பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள். வான்மதி போடவில்லை. அவளுடைய பையில், புது வெள்ளைக் கோட்டுக்கு அடியில், 'சொந்தக் காரணங்களால் சேர இயலவில்லை' என்று அவள் எழுதி மடித்துவைத்த கடிதம் ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பெஞ்சின் இடது கோடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பெயிண்ட் உரிந்ததும், அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, சட்டைப் பித்தானுக்கு மேல் பஞ்சுத் தூசி. வலது கையை நெஞ்சில் வைத்திருந்தார், இடது கையில் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு.

"டாக்டரம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து வந்த அம்மா சுலோச்சனா அவரைப் பார்த்துவிட்டு, "யாரும்மிணி, ஒறம்பரையா? ஊட்டுக்கு வந்தவருக்குக் காப்பி வெக்கட்டுமா?" என்றாள்.

வான்மதி சுரண்டியைக் கீழே வைத்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியும். போன வருஷம், அதே ஆஸ்பத்திரியில் அவள் தற்காலிக டாக்டராக வேலை பார்த்தபோது, ஒரு மத்தியானம், 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுங்க' என்று சீட்டை நீட்டியவர். மாரப்பன், 52, தறி ஓட்டுகிறவர் என்று சீட்டில் இருந்தது. 'உக்காருங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே திரும்பினபோது, பஸ் கவிழ்ந்த கூட்டம் ஒன்று மொத்தமாக வந்து இறங்கியது. ரத்தமும் கூச்சலும் ஓய்ந்து அவள் மறுபடி வாசலுக்கு வந்தபோது சாயந்தரம் ஆறரை, பெஞ்சு காலி. அவள் போய்த் தேடவில்லை. பதிவேட்டைப் புரட்டவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் புரட்டவில்லை, ஏனென்றால் புரட்டினால் தெரிந்துவிடும்.

"டாக்டரம்மா வந்துட்டாங்களா?" என்று அவர் மறுபடி கேட்டார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணை வைத்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னும் இல்லைங்க," என்றாள் வான்மதி.

அன்றைக்கு அவள் வலது கோடிக்குப் போய் அங்கிருந்து சுரண்ட ஆரம்பித்தாள்.

பச்சை உரிய உரிய இன்னும் நாலு பேர் வந்தார்கள், அவர்களை எழுப்பி அனுப்பினபின் நீலத்துக்குக் கீழிருந்து ஏழு பேர், சாம்பலுக்குக் கீழிருந்து ஒன்பது பேர், வார்னிஷுக்கு அடியில், முழுக்கால் சட்டை போட்ட தபால்காரர் ஒருவரும் கைக்குழந்தைக்காரி ஒருத்தியும். யாரோ ஒரு டாக்டர், யாரோ ஒரு நர்ஸ், யாரோ ஒரு வார்டு பையன், எப்போதோ ஒரு நாள் 'உக்காருங்க, இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போய், வராமலே போனார்களே, அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பெயிண்டுக்கு அடியில் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வந்தவர்கள் செத்தவர்களின் ஆவிகள் இல்லை என்பது இரண்டாம் நாளே தெளிவாகிவிட்டது. வீதி முனையில் டீக்கடை வைத்திருக்கும் சென்னியப்பன் கடைப் பாலைப் பொங்கவிட்டுவிட்டு ஓடி வந்தான். நீலத்துக்குக் கீழிருந்து எழும்பி, கட்டைவிரலைச் சுற்றி ரத்தக் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சென்னியப்பன்.

"இது நானேதான்," என்றான் சென்னியப்பன், வழுக்கையைத் தடவிக்கொண்டு. "பாருங்க, என்ற பூப்போட்ட சட்டை. இதை எங்க தொலைச்சேன்னு பத்து வருசமாத் தேடறேன்."

அவன் பெண்டாட்டி பாப்பாத்தி பின்னாலேயே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட சாமி, எத்தனை முடி! நான் கட்டிக்கிட்டது இவனைத்தாங்க. நடுவுல எங்கியோ ஆளை மாத்திப்போட்டாங்க."

"வாயை மூடுடி, சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீ போய்ப் பாலைப் பாரு. நான் இவனுக்குத் தயிர்சோறு கொண்டாறேன், அன்னைக்குப் பட்டினியாத்தான் ஊட்டுக்கு வந்தான்."

வான்மதி ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஆனால் முகக்கவசத்தைக் கழற்றாமல், அந்த இளைய சென்னியப்பனின் கையைப் பிடித்தாள். நாடி ஓடியது. பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினாள், பெரியாஸ்பத்திரியில் எல்லா டாக்டரும் அப்படித்தான், முழு நிமிஷம் எண்ண யாருக்கும் நேரம் இருந்ததில்லை. விரலைக் கழுவி, தையல் போட்டு, கட்டுக் கட்டி, அவன் சொன்னதை எல்லாம் பழைய நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் அவன் எழுந்தான். வீதியின் கோடியில் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துத் திருப்பம் வரைக்கும் நடந்தான். திருப்பத்துக்கு அப்புறம் இல்லை.

பெரிய சென்னியப்பனுடைய கட்டைவிரல் முன்போலவே மடங்காமல்தான் இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி தன் விரலைக் கெடுத்த கதையை இருபத்திரண்டு வருஷமாக டீ குடிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் அன்றோடு நிறுத்திவிட்டான், வாடிக்கையாளர்கள்தான் சில நாள் என்னவோ குறைகிறதே என்று இனிப்பு கூடப் போடச் சொன்னார்கள்.

ஊர் இதைப் பழகிக்கொண்டது. வரிசை என்று ஒன்று இருந்தால் டோக்கன் இல்லாமல் எப்படி என்று ரேஷன் கடையில் வேலை பார்த்த ஒருவர் அட்டையில் நம்பர் எழுதி வந்து கொடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அதை மரியாதையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். வார்டு கவுன்சிலர் வந்து, வெயிலாக இருக்கிறது, ஒரு பந்தல் போட்டுக் கொடுக்கட்டுமா என்றார். கோயில் கமிட்டிக்காரர்கள் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தபோது பாப்பாத்தி வழியை மறித்து, "ஒறம்பரைக்கு யாராச்சும் சூடம் காட்டுவாங்களா? அக்கட்டப் போங்க," என்று விரட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாஸை வாங்கிக்கொள்வார்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள், குடிக்க மாட்டார்கள், ஆறியபின் திருப்பிக் கொடுப்பார்கள். தயிர்சோறும் அப்படியே திரும்பியது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனங்கள் பஸ் ஏறி வந்து, பெஞ்சில் தங்கள் வீட்டு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்கள், இல்லையென்றால் நிம்மதியும் ஏமாற்றமும் கலந்த ஒரு முகத்தோடு திரும்பிப் போனார்கள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தி, பதினெட்டு வயதில் வயிற்றுவலியோடு பயந்துபோய் உட்கார்ந்திருந்த தன்னையே கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, வான்மதி வருகிறவரைக்கும் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாடி விஷயமும் ஊருக்குத் தெரிந்துபோனது. இப்போதும் உயிரோடு இருக்கிறவர்களின் காத்திருப்புக்கு நாடி ஓடியது, இல்லாதவர்களுடையதற்கு ஓடவில்லை. பேசினார்கள், வலிக்கிறது என்றார்கள், சிரிக்கக்கூடச் சிரித்தார்கள், மணிக்கட்டு மட்டும் மரம்போல் பேசாமல் இருந்தது. தபால்காரருக்கு ஓடவில்லை. கைக்குழந்தைக்காரிக்கு ஓடவில்லை, குழந்தைக்கு ஓடியது. அந்தக் குழந்தை இப்போது எங்கேயோ அறுபது வயதில் இருக்கும் என்று சொல்லி வீதியே சந்தோஷப்பட்டது.

வான்மதி ஒவ்வொருவரையும் பார்த்தாள். செய்ய வேண்டியதைச் செய்தாள், செய்ய ஒன்றும் இல்லாத இடத்தில் கேட்டுக்கொண்டாள், கேட்டதை எழுதினாள். பார்த்து முடித்த இடத்தில் எண்பது நம்பர் உப்புத்தாளும் அப்புறம் நூற்றியிருபதும் அப்புறம் இருநூற்றியிருபதும் போட்டு மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்த்தாள், தேக்கு தேன்நிறத்தில் வெளியே வந்தது, அட்ரினலின் ஒரு மில்லிகிராம் என்று உதடு சொல்லிற்று. இடது கோடிப் பக்கம் மட்டும் அவள் போகவில்லை. அங்கே ஒரு ஆள் உட்கார்கிற அகலத்துக்குப் பச்சை அப்படியே இருந்தது. பக்கத்தில் போகும்போதெல்லாம் மாரப்பன் நிமிர்ந்து பார்ப்பார்.

"நான் பாக்கட்டுங்களா?" என்று ஒரு தடவை அவளே கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இல்லைங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம். அந்தம்மா வேற. ரெண்டு நிமிஷத்துல வர்றேன்னு சொல்லிருக்காங்க. நான் எந்திரிச்சுப் போய்ட்டா அவங்க வந்து தேடுவாங்கல்ல?"

வான்மதி முகக்கவசத்தின் நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வலது கோடிக்குப் போனாள். ஏற்கெனவே வழுவழுப்பாகிவிட்ட இடத்தையே தேய்த்தாள்.

மணிக்கட்டைத் தொட்டால் தெரிந்துவிடும். அதுதான் விஷயம். தொடாதவரைக்கும் அவர் எங்கேயோ தறி ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள், இடது கோடி தவிர, தேக்கு முழுதும் வெளியே வந்து, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து முதல் பூச்சுப் பூசியாகிவிட்டது. பெஞ்சில் அவர் ஒருத்தர்தான் பாக்கி. பாப்பாத்தி ஆறிய கிளாஸை வாங்கிக்கொண்டு போகும்போது வான்மதி பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மிணி, இவரு மொதல்ல வந்தவராச்சே. மொதல்ல வந்தவரை மொதல்ல பாக்கறதுதான மொறை?"

"அவருக்கு வேற டாக்டர் வரணுங்க்கா."

"அதென்ன வேற டாக்டரு? நெஞ்சைப் புடிச்சுட்டுப் பன்னெண்டு நாளா உக்காந்திருக்கறாரு. நீயும் அதே பன்னெண்டு நாளா மூஞ்சியைக் கட்டீட்டுத் திரியற, சாப்பிடறப்பக்கூட வாசலுக்குப் புறங்காட்டி உக்காந்து சாப்பிடற." பாப்பாத்தி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, சாமி. நான் டீக்கடைக்காரி."

பதிமூன்றாம் நாள், பஸ் நாலு மணிக்கு. மறுநாள் காலை ஒன்பதுக்குள் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். வேனை வாசலில் நிறுத்தி, அர்த்தநாரி பெட்டியை ஏற்றினார். வான்மதி பெட்டியை ஏற்றவிட்டாள், கடிதத்தை மட்டும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கே அப்பாவிடம், சேரப்போவதில்லை என்று சொல்லிவிடலாம். வீட்டில் வைத்துச் சொன்னால் அம்மா அழுவாள், வீதி பார்க்கும். மூன்றேகாலுக்கு அவள் கடைசியாக ஒரு தடவை பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணித்தொட்டித் திருப்பத்தில் ஒரு அம்மா நடந்து வந்தாள். காலில் பஸ் தூசி, கையில் சுருக்குப் பை. நேராகப் பெஞ்சுக்கு வந்து நின்றாள். இடது கோடியில் இருந்தவரைப் பார்த்தாள்.

அவள் நெற்றியில் பொட்டு இல்லை.

வான்மதிக்கு அது போதுமாயிருந்தது. நாடியைப் பார்க்க வேண்டியதே இல்லை.

மாரப்பன் நிமிர்ந்தார். "ராமாத்தா, நீ எப்ப வந்த? நூலு அத்துக் கெடந்துச்சே, தறியை நிறுத்தச் சொன்னியா?"

"நிறுத்தியாச்சு," என்றாள் ராமாத்தாள். அவருக்கு வலதுபக்கம், புதிதாகப் பூசின இடத்தில், பாதி உடம்பு பச்சையிலும் பாதி தேக்கிலுமாக உட்கார்ந்தாள். "நிறுத்தியாச்சு, நீங்க கவலைப்படாதீங்க."

"டாக்டரம்மா இன்னும் வரலை."

"வருவாங்க."

அப்புறம் அவள் வான்மதியைப் பார்த்தாள், கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தாள். எழுந்து, கொட்டகையின் ஓரத்துக்கு அவளைக் கூட்டிப்போய், அவருக்குக் கேட்காதபடி பேசினாள்.

"நீங்கதான் எல்லாத்தையும் பாத்து அனுப்பறீங்களாம். பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க. இவரைப் பாக்காதீங்க, கண்ணு."

"அம்மா..."

"பாத்துட்டா போயிருவாருல்ல? பாக்காதீங்க. நான் வாரத்துக்கு ஒருக்கா வந்து உக்காந்துட்டுப் போய்க்கறேன். யாருக்கும் தொந்தரவு இல்லை. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சொன்னாரு, சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்தேன், டாக்டரம்மா ரெண்டு நிமிஷத்துல வர்றேன்னாங்க, வரலை, பாவம், அவங்களுக்கு என்ன வேலையோ, நாளைக்குப் போய்க்கலாம்னாரு. விடியக்காலைல எழுப்பறேன், உசுரு இல்லை." அவள் முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். "இங்க இருக்காருன்னதும் ஓடியாந்தேன். நீங்க பாக்காதீங்க, உங்களைக் கும்புடறேன்."

கும்பிட்டேவிட்டாள்.

வான்மதி பதிமூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். பார்க்க வேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று. சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடலாம். இவளுக்கு நல்லது செய்ததாகக்கூட ஆகும். பஸ் ஸ்டாண்டில் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிடலாம். இனி எந்தப் பெஞ்சிலும் எவரையும் உட்காரச் சொல்ல வேண்டியிராது. அவள் திரும்பிப் பார்த்தாள். மாரப்பன் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில்லறை மாதிரி எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. பதிமூன்று நாளாக அந்த வியர்வை காயவில்லை.

"அவருக்கு வலிக்குதுங்கம்மா," என்றாள்.

ராமாத்தாள் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க இருக்கற வரைக்கும் வலிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

வான்மதி முகக்கவசத்தின் நாடாவை அவிழ்த்தாள். தாடையில் நாடா பதிந்த கோடு சிவந்திருந்தது.

"அந்த டாக்டர் நான்தாங்கம்மா. ரெண்டு நிமிஷம்னு சொன்னது."

பெஞ்சில் இருந்தவரைத் தவிர, வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. பாப்பாத்தி கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினாள். சுலோச்சனா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். ராமாத்தாள் அந்த முகத்தை, பதில் எழுதியிருக்கிற காகிதம் மாதிரி, மேலிருந்து கீழாகப் படித்தாள். கையை ஓங்குவாள் என்றுதான் அர்த்தநாரி நினைத்தார், வேனிலிருந்து இறங்கிவிட்டார்.

"அன்னைக்கு நீங்க வந்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

சொல்ல வான்மதிக்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. பஸ் கவிழ்ந்தது ஒன்று. நாற்பது பேருக்கு மூன்று பேர்தான் இருந்தோம் என்பது ஒன்று.

"தெரியலைங்கம்மா," என்றாள். "பொழைச்சிருக்கலாம்."

ராமாத்தாள் நீளமாக மூச்சு விட்டாள்.

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கு, ஒரு வருசமா, ஒருத்தரையும் காணோம்," என்றாள். பிறகு பெஞ்சைப் பார்த்துக் கையைக் காட்டினாள். "போங்க. பாருங்க. முழுசாப் பாருங்க. பாதியில எந்திரிச்சுப் போகாதீங்க."

வான்மதி வேனுக்குப் போய், பெட்டியைத் திறந்து, புது வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, மாரப்பனுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டாள்.

"அட, வந்துட்டீங்களா," என்றார் அவர். சிரித்தார். "ரெண்டு நிமிஷம்னீங்க."

"ஆமாங்க. நேரமாயிருச்சுங்க."

"பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேனுங்க. ரொம்பத்தான் நேரமாயிருச்சு."

"ஆமாங்க."

அவர் கையைப் பிடித்தாள். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து, எதிரே சுவர்க் கடிகாரம் இல்லாததால் அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, எண்ணினாள். பதினைந்து வினாடியில் நிறுத்தவில்லை. முப்பதில் நிறுத்தவில்லை. எண்ண அங்கே ஒன்றுமே இல்லை, இல்லாததை ஒரு முழு நிமிஷம் எண்ணினாள், அது முடிந்ததும் இன்னொரு முழு நிமிஷம் எண்ணினாள், தண்ணித்தொட்டி வீதி அந்த இரண்டு நிமிஷமும் தும்மக்கூட இல்லை. இவ்வளவுதானா இரண்டு நிமிஷம் என்று இருந்தது. இவ்வளவா இரண்டு நிமிஷம் என்றும் இருந்தது.

"எங்க வலிக்குதுங்க?"

"நடுவுலதானுங்க. ஆனை உக்காந்தாப்பல."

"எப்பருந்து?"

"காலைல ஷிப்டுக்கு வந்து, ரெண்டாவது தறிக்கு நூலு முடியறப்ப."

"கைக்கு இழுக்குதுங்களா?"

"இடது கைக்கு. தாடைக்கும். பல்லுவலின்னு நெனச்சு ஒரு கிராம்பைக் கடிச்சுக்கிட்டேன்."

போன் அதிர்ந்தது. அர்த்தநாரி பெஞ்சில் கிடந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று ஐம்பது. வீதிக்கோடியிலிருந்து சென்னியப்பன் கையை வீசி வீசி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காட்டினான். பாப்பாத்தி அவனைப் பார்த்த பார்வையில் கையை இறக்கிக்கொண்டான். வான்மதி எழுந்திருக்கவில்லை. வேர்த்ததா, மயக்கம் வந்ததா, சர்க்கரை உண்டா, அப்பாவுக்கு இப்படி இருந்ததா, பீடி எத்தனை, ராத்திரி ஷிப்டு எத்தனை என்று ஒன்றொன்றாகக் கேட்டாள், அவர் ஒன்றொன்றாகச் சொன்னார், சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த கை தளர்ந்து மடிக்கு இறங்கியது. நாலு மணி பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் கேட்டது, இன்னும் தூரத்தில் கேட்டது. எழுதுவதற்கு நோட்டுத் தாள் தீர்ந்துபோயிருந்தது. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, சொந்தக் காரணங்கள் இருந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் எழுதினாள். மாரப்பன், 52. பெயர், ஊர், வலி, நேரம். வந்த நேரம். பார்த்த நேரம்.

அவர் தன் கையிலிருந்த ஓ.பி. சீட்டை அவளிடம் கொடுத்தார்.

"அவ்வளவுதாங்களா?"

"அவ்வளவுதாங்க."

அவர் எழுந்தார். எழுந்த இடத்தில் பச்சைப் பெயிண்ட், ஆள் அகலத்துக்கு, பளபளவென்று இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிறவர்கள் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம், அதனால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவரிடமும் யாரும் சொல்லவில்லை. ராமாத்தாள் சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"அந்த மூணாவது தறிக்காரன் நூலை இழுத்து இழுத்து அத்துப்போடறான், அவன்கிட்டச் சொல்லோணும்," என்று அவர் சொல்லிக்கொண்டு போவது கேட்டது.

"சொல்லிப்போடறேன்."

தண்ணித்தொட்டித் திருப்பம் வரைக்கும் இரண்டு பேர் போனார்கள். திருப்பத்துக்கு அப்புறம் ராமாத்தாள் மட்டும் போனாள்.

அர்த்தநாரி மெல்லக் கனைத்தார். "ஆறரைக்கு ஒரு பஸ் இருக்குதும்மா. ராத்திரி போய்ச் சேர்ந்தரலாம். வேன்ல கொண்டுபோய் விடறேன், ஏறு."

"நடந்தே போறேன்ப்பா. நீங்க பெட்டியை மட்டும் கொண்டாந்துருங்க." அவள் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள், எழுதின தாளையும் சீட்டையும் அதன் பைக்குள் வைத்தாள். கையில் உப்புத்தாள் இல்லை, தேய்க்க ஒன்றும் இல்லை. "அந்தக் கோடியை நீங்க தேய்ச்சு வெச்சுருங்கப்பா. ரேகை போற பக்கமே தேய்ங்க. அவசரப்படாதீங்க."

"பயமா இருக்குதா, கண்ணு?" என்றாள் சுலோச்சனா.

"இருக்குதும்மா."

"செரி."

"போய்ட்டு வர்றேன்," என்று வான்மதி வீட்டைப் பார்த்துச் சொன்னாள், பெஞ்சைப் பார்த்துச் சொல்லவில்லை.

திருப்பத்தைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நேர்ரோடு. ராமாத்தாள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், ரோட்டின் நடுவில் இல்லை, ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு இடம் விட்டு. எதிரே வந்த சைக்கிள்காரன் ஒருவன்கூட அந்த இடத்துக்குள் வராமல் வளைந்து போனான். வான்மதி எட்டி வைத்தால் அவளைப் பிடித்துவிடலாம், தாண்டிக்கூடப் போய்விடலாம். தாண்டவில்லை. அந்த அம்மா வைக்கிற அடிக்கு ஒரு அடியாக, பின்னாலேயே நடந்து போனாள்.